சோற்று மனிதனின் முதுகு

மாசிலாமணி இறந்த செய்தியைப் பால்காரர்தான் கொண்டுவந்தார். “சோத்து வாத்தியார் பூட்டாரு சார், விடிகாலைல,” என்று சொல்லிவிட்டுப் பாலை அளந்து ஊற்றினார். எங்கள் காஞ்சிபுரத்துப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவருக்கு ஊர் வைத்த பெயர் அது. அவரிடம் மாம்பழம் வரையக் கற்றவர்கள் பலருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரிந்திருக்காது. அதே பள்ளியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அரிசி கிடைக்காமல் ஊரே கோதுமை ரவையைக் கிண்டித் தின்ற வருடம் அது. வெளிநாட்டில் ரொட்டியையும் பழத்தையும் அழுகவிட்டுக் கலையாகக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்று மாசிலாமணி ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். தாம் செய்த ஒரு பொருள் முழுதாகக் கெட்டு முடிவதை ஊர் நின்று பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு அப்போது வேறு ஆசை இல்லை. சோற்றில் ஓர் ஆளுருவம் செய்வதற்காக, ரவையைத் தின்றுவிட்டு, ரேஷனில் எப்போதாவது கிடைத்த அரிசியைச் சேர்த்துவைத்தார்.

“மனுசனுக்கு ரவை, பொம்மைக்கு அரிசியா?” என்று அவர் மனைவி கன்னியம்மாள் என் முன்னாலேயே கேட்டார்.

“ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சிவன் மேல சோத்தைச் சாத்தறாங்களே, அங்க போய்க் கேளேன்.”

“அங்க சாத்தினதை அன்னிக்கே கலைச்சு ஜனங்களுக்குக் குடுத்துடறாங்க. நீங்க ஊச வுடப் போறீங்க. சிவனுக்கு இருக்குற புத்தி உங்களுக்கு வேணாமா?”

இதற்குக் கலை வரலாற்றில் பதில் இருப்பதாகச் சொல்லிவிட்டு மாசிலாமணி உலை வைக்கப் போனார்.

அண்ணனின் காலித் தறிக்கூடத்தில், மூங்கில் சட்டத்தின் மேல் சோற்றை அப்பி ஒரு மனிதனை உட்காரவைத்தார். முதுகு பின்ஜன்னலை ஒட்டியிருந்தது. காட்சியைத் திறந்த அன்று வாசலில் நின்ற நீண்ட வரிசையைக் கண்டு கண் கலங்கினார். பிறகுதான் எல்லார் கையிலும் தூக்குப் பாத்திரம் இருப்பதைக் கவனித்தார். சோற்றால் உருவம் செய்து திரை விலக்கினால் அடுத்தது விநியோகம்தான் என்பதில் இந்த ஊருக்குச் சந்தேகமே கிடையாது.

“எப்ப சார் குடுப்பீங்க?” என்றார் முன்னால் நின்ற பச்சையப்பன். நூல் வராமல் தறி நின்றுபோன நெசவாளர்.

“குடுக்கறதுக்கு இல்லபா. இது கெட்டுப் போறதைப் பாக்கணும். அதான் கலை.”

“கெட்டுப் போறதை வூட்லயே பாத்துக்கினு கீறோம் சார். சோத்தைத்தான் பாக்கல.”

வரிசை சிரித்தபடி கலைந்தது. மாசிலாமணி கூடத்தைப் பூட்டினார்.

சில நாளில் சென்னையிலிருந்து ஒரு விமரிசகர் வந்து, மூக்கில் கைக்குட்டையோடு நெடுநேரம் பார்த்து, மெய்சிலிர்த்துத் திரும்பினார். அவரை வழியனுப்பிய பிறகு மாசிலாமணி உருவத்தின் பின்னால் போனார். நானும் போனேன். முதுகு இல்லை. ஜன்னல் கம்பி வழியே கைவிட்டு எட்டியவரை, மூங்கில் தெரியுமளவு வழித்திருந்தார்கள். புளித்து நாறிய சோற்றில் விரல் தடங்கள் பதிந்திருந்தன.

யார் தின்றார்கள் என்று அவர் தெருத்தெருவாக ஓடி விசாரித்தார். பச்சையப்பன் மறைக்கவில்லை. “கழுவித்தான் சார் புள்ளைங்களுக்குப் போட்டேன். சின்னவளுக்குத்தான் ஒத்துக்கல.” மாசிலாமணி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவள் பிழைக்கவில்லை.

“நாங்கதான சார் எடுத்தோம்,” என்றார் பச்சையப்பன். அவர் திட்டியிருந்தால் மாசிலாமணி எப்படியாவது தாங்கியிருப்பார்.

அந்த வாரம் விமரிசகரின் கட்டுரை வெளிவந்தது. அழிவின் அழகை இந்த மண் முதன்முறையாகக் கண்டது என்று எழுதியிருந்தார்.

மாசிலாமணி அதன்பின் மாம்பழம் மட்டும் வரைந்தார், அதையும் காகிதத்தில். மறுபடி ஏன் செய்யவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “கெட்டுப் போவணும்னா முதல்ல மிஞ்சணும்பா. அதை நான் யோசிக்கல,” என்றார்.

அவர் படைப்புக்குப் புகைப்படம் கிடையாது. கட்டுரை இருக்கிறது; அதில் முதுகைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த முதுகைத்தான் நான் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் காட்சிக்கு யார் அழைத்தாலும், முதலில் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்க்கிறேன்.