வெளியே வைக்கப்பட்டவர்களின் பெயர்

போன செவ்வாய்க்கிழமை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி கத்தியது. வாகட்டில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் யார் வந்தாலும் வாசல் காவலாளி ஒரு செயலியில் பெயரைத் தட்டுவார். வீட்டுக்காரர் சரி என்றால்தான் உள்ளே விடுவார். திரையில் 'எக்ஸ்போஸிதோ' என்று இருந்தது. மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஸ்பெயின்காரர். காவலாளிக்கு அவர் முகம் இன்னும் பழகவில்லை; விருந்தாளி என்று நினைத்து, அதிலும் தப்பாக என் வீட்டு எண்ணைப் போட்டுவிட்டார். புளிக் கையோடு 'அனுமதி' என்பதைத் தொட்டேன். அன்றைய ரசத்தில் உப்பே இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். இருந்திருக்காது.

பெயர் விஷயத்தில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ராசி கிடையாது. போபோடியில் பள்ளிக்கூடம் சேர்த்த அன்று டீச்சர் மராத்தியில் கேட்ட முதல் கேள்வி, "ஆட்நாவ் காய்?" ஆட்நாவ் என்றால் குடும்பப் பெயர். கட்கி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, "எங்களுக்கு அதெல்லாம் வழக்கமில்லீங்க, இனிஷியல்தான்" என்று தமிழும் இந்தியுமாக விளக்கிப் பார்த்தார். டீச்சர் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதாயில்லை. கடைசியில் அப்பாவின் பெயரே என் வாலில் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் மற்றவர்களுக்குப் பரம்பரை, எனக்கு மட்டும் அப்பா.

அதனால்தானோ என்னவோ, முதல் வேலையே ஆட்நாவ்களோடு அமைந்தது. டிகிரி முடித்து, ஆறு மாதம் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போயிருந்தேன். அந்த ஸ்பானிஷை வைத்துக்கொண்டு கொத்தமல்லிகூட வாங்க முடியாது. ஆனால் கட்கி ஸ்டேஷன் பக்கத்தில் மூன்றாவது மாடி அலுவலகம் ஒன்றுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஸ்பெயின் தேவாலயங்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படமெடுத்து அனுப்புவார்கள். அந்தக் கோணல் எழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். எங்கோ இருக்கும் பேரன் பேத்திகள் தங்கள் முன்னோரைத் தேடுவதற்காம். அந்த அறையை இன்று நினைத்தால் முதலில் வருவது ஏசியின் ஈர வாடையும் கீழ்க்கடையில் வெங்காயம் போட்டுக் கிளறும் அவலின், கந்தா போஹாவின், வாசனையும்தான்.

பெர்னாந்தெஸ் என்றால் பெர்னாந்தோவின் பிள்ளை. இது தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். நம்மைப் போலவே அப்பா பெயரை வாலில் கட்டியவர்கள். எர்ரேரோ என்றால் கொல்லன். எக்ஸ்போஸிதோ என்றால் வெளியே வைக்கப்பட்டவன். அநாதை இல்லங்களின் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருக்குமாம். குழந்தையை அதில் வைத்து, மணியை அடித்துவிட்டுப் போய்விடலாம். வைத்தவர் முகம் உள்ளே தெரியாது. உள்ளே எடுத்தவர்கள் அன்றைய புனிதரின் பெயரை வைத்து, கூடவே எக்ஸ்போஸிதோவையும் சேர்த்துவிடுவார்கள். தகப்பன் கட்டத்தில் ஒன்றும் இருக்காது. ஓரத்தில் சில சமயம், 'பாதி நீல நாடாவோடு வந்தது' என்று எழுதியிருக்கும். மீதிப் பாதி தாயிடம் இருக்க வேண்டும், அடையாளத்துக்கு. பின்னாளில் வேண்டாம் என்பவர்கள் அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டமே வந்தது. அதற்குள் பிள்ளை, பேரன் என்று ஊரெல்லாம் பரவிவிட்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் சுமன். இந்த ஊரில் அது பெண் பெயர். அவளும் ஓர் இல்லத்தில் வளர்ந்தவள்தான். அங்கே சமையல் செய்த திண்டுக்கல் அம்மாளிடம் தமிழ் கற்றிருந்தாள். வேலை கிடைத்ததும் இல்லத்தை விட்டு வெளியேறி, ஏரவாடாவில் இரண்டு தோழிகளோடு அறை எடுத்திருந்தாள். வேலை போனால் அறையும் போய்விடும்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றுவோம். இரண்டும் ஒத்துப்போகாத இடம் சிவப்பாகி மூன்றாவது ஆளுக்கு வரும். எட்டு மாதத்தில் என்னை அந்த மூன்றாவது ஆளாக்கினார்கள். இவர் சரி, அவர் சரி, படிக்க முடியவில்லை என்று மூன்று பொத்தான்கள். முதல் வாரமே கண்ணில் பட்டது. சுமன் ஏற்றிய பக்கங்களில் எல்லாம் சுத்தம். எக்ஸ்போஸிதோ வரும் கட்டங்கள் மட்டும் காலி.

கீழே போஹா சாப்பிடும்போது கேட்டேன்.

"வேணும்னுதான்க்கா விடுறேன்" என்றாள், வேர்க்கடலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே. "பெத்தவ விட்டுட்டுப் போனா, டீக் ஹை. அதையே பேரா எழுதி வெச்சாங்களே, அத நான் இன்னொரு வாட்டி எழுதணுமா?"

"பேர் இல்லன்னா, தேடி வர்றவங்களுக்கு அவங்க கெடைக்க மாட்டாங்கடி."

"கெடைக்காட்டி போகட்டும். எங்க ஹோம்ல எல்லாருக்கும் ஒரே ஆட்நாவ். சொன்ன உடனே எதிர்ல இருக்கறவங்க குரல் மாறும். நீ கேட்டதில்லக்கா அந்தக் குரல."

நான் கேட்டதில்லைதான். ஒரு நாள் முழுவதும் 'படிக்க முடியவில்லை' பொத்தானையே அழுத்தினேன். அதை அழுத்தினால் யார் கணக்கிலும் பிழை ஏறாது. மறுநாள் மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். "மேடம், சாஃப் தோ திக் ரஹா ஹை" என்றார், சிரித்தபடியே. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அவர் நகர்ந்ததும், பெயரை எழுதியிருந்தவர் சரி என்ற பொத்தானை அழுத்த ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் சுமனின் பிழையாக ஏறியது. பயமா என்று கேட்டால், அதுகூட இல்லை. கை அழுத்தியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டே, "நீ சரியாத்தான்க்கா செஞ்ச" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாயங்காலம் ஃபோன் செய்கிறேன் என்றேன். செய்யவில்லை. அந்த வாரம் மட்டுமில்லை, அப்புறமும் எனக்கு அழுகை வந்ததில்லை. இதை எழுதும்போதும் கை மரத்துப்போனது போலத்தான் இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் மேல்மாடி ஸ்பெயின்காரரை லிஃப்ட்டில் பார்த்தேன். என் ஓட்டை ஸ்பானிஷில் அவருடைய ஆட்நாவைப் பற்றிக் கேட்டேன். எங்கள் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு என்றார். அர்த்தம் தெரியுமா என்றதற்கு, ஏதோ பழைய கதை, வெறும் பெயர்தானே என்று சிரித்துவிட்டு, தரைத்தளம் வந்ததும் இறங்கிக்கொண்டார். அவர் குரலில் ஒன்றுமே இல்லை.

இதைச் சுமனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. மூன்றாவது மாடி அலுவலகம் எப்போதோ போய், இப்போது அங்கே ஜிம் இருக்கிறது. அவளுடைய பழைய எண்ணில் யாரோ ஓர் ஆள் மராத்தியில் எரிந்து விழுந்தார். இல்லத்தின் ஆட்நாவைப் போட்டு இணையத்தில் தேடினேன். நிறையப் பெண்கள் வந்தார்கள், நர்ஸ், டீச்சர், மணக்கோலத்தில் ஒருத்தி. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. அந்தப் பெயரை எங்கோ விட்டுவிட்டிருக்கிறாள்.

பேர் இல்லாவிட்டால் தேடி வருகிறவர்களுக்குக் கிடைக்க மாட்டார்கள் என்று அவளிடம் சொன்னவள் நான்தான். தேடி வரப்போகிறவள் நானாக இருப்பேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.