தண்ணி குடுத்த அந்தம்மா

முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் கேமராக்களுக்கு முன்னால் நின்று, "ஆஹா, ஆஹா!" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் ஆஹாகாரர். படக் கம்பெனிகள் ஏற்பாடு செய்யும் ரசிகர் பட்டாளத்துக்குத் தலைவர். அவர் வாயைத் திறந்தால் போதும், பின்னால் நிற்பவர்கள் ஒத்து ஊதுவார்கள். ஆனால் மனுஷன் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. விளக்கு அணைந்தால் குறட்டைதான். பேச வேண்டியதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்களே, அப்புறம் எதற்குக் கண்விழிப்பதாம்?

இந்தத் தடவை விஷயம் வேறு. தையல்கடை வைத்திருக்கும் அவர் மனைவி, அந்தப் படத்தில் ஒரே ஒரு காட்சியில் நடித்திருந்தாள். மூச்சிரைக்க ஓடிவரும் கதாநாயகனுக்குத் தண்ணீர் கொடுத்து, "மெதுவா குடிப்பா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"ஏங்க, ஊரு பாராட்ட வேணாம். நீங்க பாத்துட்டு நெஜமா எப்படி இருக்குன்னு சொல்லுங்க, அது போதும். தூங்கித் தொலைச்சிடாதீங்க."

"உன் படத்துல தூங்குவேனா? நல்லா கேட்ட போ!"

தூங்கினார். பட்டாளத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்து, சுகமாகத் தூங்கினார். கைதட்டலில் திடுக்கிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினார். கேமராவைக் கண்டதும் நாக்கு தன்பாட்டுக்கு ஓடியது.

"எல்லாத்தையும் விடுங்க சார்! தண்ணி குடுக்குற அந்தம்மா இருக்காங்களே, அடடா! அழுதுட்டேன் சார்!"

பட்டாளம் சும்மா இருக்குமா? "அந்தம்மாதான் படமே!" என்று கூவியது.

பின்வரிசையில் இருந்து படம் பார்த்த மனைவி அப்போதுதான் வெளியே வந்தாள். அவள் நிஜமாகவே அழுதிருந்தாள்.

"அந்தக் காட்சியையே வெட்டிட்டாங்க. நீங்க தூங்கிட்டீங்க."

ஆஹாகாரருக்கு அவமானத்தில் உயிரே போய்விட்டது.

கூத்து அதோடு முடியவில்லை. 'எங்கே அந்தம்மா?' என்று ஊரெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். வெட்டிய காட்சியைத் திரும்பச் சேர்த்து, 'அந்தம்மா வந்தாச்சு!' என்று போஸ்டரும் அடித்து ஒட்டினார்கள். வெட்கம் கெட்டவர்கள்!

மறுபடியும் போனார்கள், இந்த முறை ஒன்றாக. ஆஹாகாரர் முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். காட்சி வந்தது. டம்ளரின் அடியில் வழிந்த நீரைத் துடைத்துவிட்டு அவள் நீட்டினாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, தினமும் வீட்டில் அவருக்கு அப்படித்தான் கொடுக்கிறாள். இத்தனை வருஷமாக அவர் அதைக் கவனித்ததே இல்லை.

தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. பட்டாளம் தலைவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கைகள் மடியிலேயே கிடந்தன.

"ஏங்க, எல்லாரும் தட்டுறாங்க. நீங்க மட்டும் சும்மா இருக்கீங்களே?"

"பேசாம இரு," என்றார். "பாத்துட்டு இருக்கேன்."