புது இஞ்சின் இருமிய காலை

என் அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிப் போட்டிக்காக அவளும் நாலு பையன்களும் சேர்ந்து ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றைச் செய்திருந்தார்கள். அதற்கு வந்த புது இஞ்சின் உள்ளங்கையில் அடங்கிவிடும். போட்டிக்கு முன் அதை மெதுவாக ஓட்டிப் பழக்கும் பொறுப்பு அத்தைக்கு.

“பசங்க அவசரப்படுவாங்கண்ணே. அதான் எங்கிட்ட குடுத்திருக்காங்க.” இதை அவள் அப்பாவிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலூர் பக்கம் ஒரு வறண்ட கண்மாய்க்குப் போனார். கொண்டுபோன பெஞ்சுப் பலகையில் இஞ்சினைத் திருகாணியால் இறுக்கி, விசிறியை மாட்டி, எரிபொருள் டப்பாவைப் பக்கத்தில் கட்டினாள் அத்தை. பிளக்கில் பேட்டரியைக் கொடுத்துவிட்டு ஒரு குச்சியால் விசிறியைத் தட்டினாள். பதினைந்து தட்டு தட்டியும் ஓடவில்லை. பதினாறாவதில் படீரென்று சீறிக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடத் தொடங்கியது. அப்பா எழுந்தே விட்டார்.

ஆனால் சீறல் அந்த ஒரு நொடிதான். பிறகு இருமல். புகையும் விளக்கெண்ணெய் வாடையுமாக லொக் லொக்கென்று ஓடியது.

“புது இஞ்சின் இப்படித்தான் ஓடணும். எண்ணெய் நிறையக் குடிக்கணும். எண்ணெய் வர்ற இந்தத் திருகை மூடுனா வேகம் வரும், ஆனா உள்ள சூடேறிச் செத்துரும். நீ பின்னாடியே நில்லு. தொட்டுறாத” என்றாள் அத்தை.

இரண்டு டப்பா தீர்ந்தது. அப்பா வேலமர நிழலில் போனோடு உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது டப்பா ஓடும்போது ஆடு மேய்ப்பவர் ஒருவர் வந்து நின்று பார்த்தார்.

“என்னத்தா, நோஞ்சான் கிழவன் மாதிரி இருமுது? இதா பறக்கப் போகுது?”

எனக்கு அவமானமாகிவிட்டது. என் அத்தையின் இஞ்சினை ஒருவர் கேலி செய்கிறார். அதற்குள் அவருடைய குட்டிகள் இரண்டு விசிறிக்கு நேராக வந்துகொண்டிருந்தன.

“அண்ணே, குட்டிய பிடிங்க! வெட்டிரும்!” என்று ஆட்டுக்காரரிடம் கத்திக்கொண்டு அத்தை குட்டிகளை விரட்ட ஓடினாள்.

நான் பின்பக்கமிருந்து கையை நீட்டினேன். விசிறிக் காற்று சட்டையை உப்பவைத்தது. திருகைப் பிடித்து இரண்டு சுற்று மூடினேன்.

இருமல் நின்றது. இஞ்சின் ஒரே குரலாக வீறிட்டது, பெஞ்சு அதிர்ந்தது. இப்போது சொல்லுங்கள் என்பதுபோல ஆட்டுக்காரரைப் பார்த்தேன்.

“கைய எடுடி!”

அத்தை பாய்ந்து வந்து எரிபொருள் குழாயை நசுக்கினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். எல்லாம் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து விசிறியைக் கையால் சுற்றிவிடப் பார்த்தாள். அது அசையவில்லை.

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் கையைத்தான் பிடித்தாள். துப்பட்டாவால் என் விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக, அவசரமாக. அப்பா ஓடிவந்துகொண்டிருந்தார்.

“என்னாச்சு?”

“நாந்தாண்ணே. திருகை அதிகமா மூடிட்டேன்.”

சாயங்காலம் அந்தப் பையன்களுக்கும் போனில் அதையே சொன்னாள். எதிர்முனையில் யாரோ சத்தம் போட்டது எனக்கே கேட்டது. “ஆமா, அவசரப்பட்டுட்டேன்” என்றாள்.

கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தையும் திருகை மூடியிருக்கிறாள், கெட்டது அதனால்தான் என்று உண்மையாகவே நம்பினேன். அவர்கள் வேறு இஞ்சின் வாங்கிக்கொண்டு அவளை விட்டுவிட்டுப் போட்டிக்குப் போனார்கள். அத்தை வீட்டில் இருக்கிறாளே என்று எனக்குக் கொண்டாட்டம்.

அந்த வாரம் வந்த விருந்தாளி ஒருவரிடம், “எங்க அத்தை இஞ்சினக் கெடுத்துருச்சு, தெரியுமா?” என்று சிரித்தேன். எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு பின்னலை இறுக்கினாள்.

“வலிக்குது அத்தை” என்றேன். யாருக்கு வலிக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.