துடைக்காத தண்ணீர்

அன்புச்செல்வி உட்கார்ந்து சாப்பிட்டு ஆய்வகத்தில் யாரும் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் அந்தத் தனியார் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாகத் திசு வெட்டுகிறாள். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகுக்கட்டியில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். பிறகு சாயம். ஒருவர் துணுக்கு மிதந்து இன்னொருவர் ஸ்லைடில் ஒட்டிவிடாமலிருக்க, அடுத்த கட்டிக்குப் போகும் முன் தண்ணீரின் மேல் காகிதத்தை இழுத்துத் துடைக்க வேண்டும். வீட்டில் பால் பாத்திரத்தைக்கூட மூன்று தரம் அலசுவாள். "பாத்திரம் தேஞ்சு ஓட்டை உழுந்துரும், அம்மணி" என்பார் கணவர் ரவிக்குமார்.

அந்த வியாழக்கிழமை, ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் பிரவீனா கூப்பிட்டார்.

"பூவாத்தாள் ஸ்லைடு பாருங்க. கர்ப்பப்பைத் திசு. எல்லாம் நல்லாருக்கு, ஓரத்துல இந்தத் துணுக்கு மட்டும் புற்று."

நுண்ணோக்கியில் ஊதா நிறச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு தனியாகக் கிடந்தன. நேற்று ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று அவசரமாக ஏழு கட்டிகளை வெட்டினாள். பூவாத்தாளுக்கு முன்னால் வெட்டியதும் கர்ப்பப்பைத் திசுதான். அதில் புற்று இருந்தது. இடையில் காகிதத்தைக் கையில் எடுத்தது ஞாபகமிருக்கிறது. இழுத்தது ஞாபகமில்லை.

"டாக்டர், தண்ணியத் துடைக்காம உட்டுட்டனோன்னு இருக்குங்க. இது அவங்களோடது இல்லாமக்கூட இருக்கலாம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கட்டியில மீதி இருக்குதா?"

"கொஞ்சூண்டுங்க."

"வெட்டுங்க. பத்திரம்."

வெளியே பெஞ்சில் பூவாத்தாள் பையை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

"ஏனுங் கண்ணு, இன்னும் ஆகலீங்களா? பொள்ளாச்சி போயி வேற பஸ் மாறோணும். மூணு மணிக்கு மாடு கத்தும்."

"இன்னொருக்காப் பாத்துப்போடறமுங்க."

"பரிசோதனையா, பலகாரமா? இத்தன தரம் பாக்கறீங்க!"

அன்புச்செல்வி தொட்டித் தண்ணீரையே மாற்றினாள். கட்டியில் இருந்தது மூன்று ஸ்லைடுக்குத்தான் வந்தது. சாயம் ஏறும்வரை சிங்க்குக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். கழுவிய ஜாடியையே மறுபடி கழுவினாள்.

டாக்டர் மூன்றையும் ஓரத்துக்கு ஓரம் நகர்த்திப் பார்த்தார். பிறகு முந்தைய நோயாளியின் ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"புதுசு மூணும் சுத்தம். அந்தத் துணுக்கு இந்த முந்தின கட்டியிலருந்து வந்ததுதான். பூவாத்தாளுக்கு ஒண்ணுமில்ல."

ரிப்போர்ட்டைப் பையில் திணித்த பூவாத்தாள், "ஒண்ணுமில்லீன்னு சொல்றதுக்கா இத்தன நேரம்?" என்று முணுமுணுத்தபடி பஸ்ஸுக்கு ஓடினாள்.

தவறுகள் எழுதும் நோட்டில் அன்புச்செல்வி தன் பெயரைத் தானே எழுதினாள். பிறகு நேற்று வெட்டிய மீதி ஐந்து கட்டிகளையும் எடுத்து, மறுபடி வெட்டுவதற்கு மெழுகு இறுகட்டும் என்று ஐஸில் வைத்தாள்.

"அதுல எதுலயும் சந்தேகமில்லியே" என்றார் டாக்டர்.

"இருக்கட்டுங்க."

ரவிக்குமாருக்குப் போன் செய்தாள். "சோத்த நீங்களே வெச்சுப்போடுங்க. நான் வாரதுக்கு நேரமாகும்."

முதல் கட்டியை வெட்டி முடித்ததும் காகிதத்தைத் தண்ணீரின் மேல் இழுத்தாள். "இழுத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். அப்படியும் போதாமல் இன்னொரு காகிதம் எடுத்தாள்.