மாத்தி என்றால் மதி இல்லை

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் மகள் இறந்துபோனாள். பத்து ஐம்பதுக்கு மறுபடி உயிரோடு வந்துவிட்டாள். நடுவில் இருந்த இருபது நிமிடம்தான் இந்த வாரப் பத்தி.

மகள் பெயர் மதி. வயது பத்தொன்பது. பெயர் வைத்தது நான்தான். அறிவு, நிலா — ஒரே பெயரில் இரண்டு கிடைக்கிறதே என்ற ஆசை. மலாய் மொழியில் 'மாத்தி' என்றால் சாவு என்பது தெரியாமல் இல்லை. யார் போய் மதியை மாத்தி என்று கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பிறப்புப் பதிவு செய்யப் போன அன்றே கவுண்டரில் இருந்த அம்மாள் என்னை இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு மலையடிவாரத்தில் தாப்பா பக்கம் டிரைவிங் டெஸ்ட். லைசன்ஸ் கிடைத்தால் ஈப்போவில் ஒரு பூ மொத்த வியாபாரியிடம் வேலை தயார். வேன் ஓட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தோழிகளோடு ரூம்கூடப் பார்த்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்தில் இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

நான் தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பார்ப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். இலை உருட்டும் மெஷின் ஓடும்போது பக்கத்தில் ஒருவன் தும்மினால்கூடக் கேட்காது. அப்போது பார்த்துத்தான் போன் வந்தது. டிரைவிங் மாஸ்டர். மலாய்க்காரர், நல்ல மனிதர்.

“மாத்தி… மாத்தி… அத்தாஸ் புக்கிட்…”

அத்தாஸ் புக்கிட் என்றால் மலை மேல். கேட்டது அவ்வளவுதான். லைன் போய்விட்டது. இரண்டு மாத்தியில் ஒன்று என் மகள் என்று புரிந்தது. இன்னொன்று?

திருப்பி அடித்தேன். எடுக்கவில்லை. மதிக்கு அடித்தேன். ஆஃப்.

ஐம்பது வயது மனிதன் இந்த மாதிரி நேரத்தில் நிதானமாக என்ன செய்வான்? எனக்குத் தெரியாது. நான் தலையில் போட்ட வலைத் தொப்பியோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வாசலில் நின்று, “எங்க போறீங்க?” என்றார். “மலைக்கு” என்றேன். நாங்கள் இருப்பதே மலையில்தான்.

என் மனைவி செல்விக்கு ரிங்லெட் ரோட்டோரம் பூ பேக் செய்யும் ஷெட்டில் வேலை. அவளிடம் எப்படிச் சொல்வது? 'உக்காரு' என்று ஆரம்பிக்கலாமா? உட்கார அங்கே ஸ்டூல் இருக்கிறதா? அந்த ஸ்டூலைப் பற்றியே வழி முழுக்க யோசித்தேன். வேறு எதன் பக்கமும் மனசு போக மறுத்தது.

செவ்வந்தியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள்.

“என்னங்க, ஃபேக்டரி எரியுதா?”

“உக்காரு செல்வி.”

“மொதல்ல நீங்க உக்காருங்க. விழுந்துருவீங்க போல.”

உட்கார்ந்தேன். ஸ்டூல் இருந்தது. மாஸ்டர் போன் செய்ததைச் சொன்னேன்.

“அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க. உங்க சொந்தச் சரக்கச் சேக்காதீங்க.”

“மாத்தி, மாத்தி, அத்தாஸ் புக்கிட்.”

அவள் கை நிற்கவில்லை. “டெஸ்ட்ல மேடு ஏறச் சொல்லுவாங்க லா. ஏறும்போது எஞ்சின் நின்னுருக்கும்.”

“அது எப்படி உனக்குத் தெரியும்?”

“மனுசங்க போயிட்டா மலாய்க்காரவங்க 'மெனிங்கால்'ம்பாங்க, மரியாதையா. மாத்திங்கறது கோழிக்கும் எஞ்சினுக்கும். அவரு மரியாதை தெரிஞ்சவரு.”

ஐம்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். என் மகளின் உயிர் அன்றைக்கு ஒரு மரியாதைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

செல்வியே மாஸ்டருக்கு அடித்தாள். எடுத்தார். ஆமாம், எஞ்சின்தான். அந்த ஒரு வார்த்தையை எங்கள் மெஷின் விழுங்கியிருக்கிறது. மதி ஃபெயில். இரண்டு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து தே ஐஸ், அதான் ஐஸ் போட்ட டீ, குடிக்கிறாளாம்.

“உனக்குப் பயமே கெடையாதா?” என்றேன்.

“பயந்தேனே. காலைல தண்ணி கொதிக்கற வரைக்கும் பயந்தேன். அதுக்கப்புறம் எனக்கு ஏது நேரம்?”

அம்மாக்கள் பயத்துக்கும் டைம்டேபிள் வைத்திருக்கிறார்கள். அப்பாக்கள் அப்படியா? எந்நேரமும் டியூட்டி, ஓவர்டைம் வேறு.

கிளம்பும்போதுதான் மேசையைக் கவனித்தேன். நான் வந்ததிலிருந்து அவள் சுற்றியது ஒரே ஒரு பூங்கட்டு. அதன் மேல் நாலு காகிதம். அவள் அதைப் பிரிக்கவும் இல்லை.

மாலையில் மதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

“பரவால்லம்மா. இன்னும் ரெண்டு வாரம் வீட்ல இருக்கலாம்ல” என்றேன், துக்கத்தோடு.

“அப்பா, வருத்தப்படுறவங்களுக்கு இவ்ளோ பல்லு தெரியாது லா.”

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஞாயித்துக்கிழமை நீங்களே அவளுக்கு மேடு ஏறச் சொல்லிக் குடுங்க.”

“அதுக்குத்தான் மாஸ்டர் இருக்காரே.”

“அவரு சொல்லிக் குடுத்துத்தான் நின்னு போச்சு.”

ஞாயிறு காலை. ஃபேக்டரிக்குப் பின்னால் தோட்டத்து ரோடு, செங்குத்தான மேடு. கிராணியிடம் இரவல் வாங்கிய கார், மதி ஸ்டியரிங்கில். நான் பக்கத்தில், கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. செல்வி பின் சீட்டில்.

“கிளட்ச்ச ஒரேயடியா விட்டா நின்னுரும். விடாமப் புடிச்சிக்கிட்டே இருந்தா பின்னால உருண்டுரும். கொஞ்சம் கொஞ்சமா விடணும்மா.”

பின் சீட்டில் செல்வி இருமினாள். அவளுக்குச் சளி கிளி எதுவும் இல்லை.

முதல் தடவை நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவதில் உச்சிக்குப் போனாள். நாலு, ஐந்து… ஒரு குலுக்கல்கூட இல்லை. மேலே போய் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பாஸாயிருவேனாப்பா?”

“ஆயிருவம்மா.”

எனக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்க வரும் என்று தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் சுமாராகச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.