பெரியப்பாவின் கட்சி நிதி

சாயங்காலம் தீவனம் போட்டு முடித்ததும் பெரியப்பா கோழிக் கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு, சத்தம் போடக் கூடாது என்று பிள்ளைகளான எங்களைக் கண்ணாலேயே அதட்டுவார். அவரை நினைத்தால் அந்த முகம்தான் முதலில் வருகிறது. எருமப்பட்டிப் பக்கம் இருந்த அவருடைய பண்ணையில் விடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. மிரண்டால் கோழி முட்டை போடாது என்பார். முட்டை வியாபாரம் நொடித்த பிறகு அதே கொட்டகைகளுக்குச் சுவர் எழுப்பி, டைல்ஸ் ஒட்டி, முதியோர் இல்லம் ஆக்கினார். பிள்ளைகளை பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்ட பெரியவர்கள் வந்து சேர்ந்தார்கள். நர்சிங் படித்திருந்த என்னைப் பகல் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அவர் மோசமானவர் இல்லை. பல் இல்லாதவர்களுக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து தன் கையாலேயே ஊட்டுவார். ஆனால் பண்ணை வழக்கம் மட்டும் அவரை விடவில்லை. ஆறு மணிக்குச் சாப்பாடு முடிந்தால் கதவு சாத்தப்படும், விடிந்துதான் திறக்கும். வயசானவர்களுக்குத் தூக்கம் கெடக் கூடாதாம். ஒரு நாள் காலையில் நான் போனபோது, ஆத்தூர்க்கார அம்மா ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலுக்குக் கீழே கிடந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது.

அடுத்து ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி, இரவுக்கு ஒரு நர்ஸ் வைக்காவிட்டால் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பெரியப்பா சோறு இறங்காமல் திரிந்தார். பிறகு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நாமக்கல் போய்க் கட்சி நிதி கொடுத்துவிட்டு வந்தார். மேடையில் அவருக்குச் சால்வை போட்ட படம் வாட்சப்பில் வந்தது. கொஞ்ச நாளில் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார், உரிமமும் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்றால் சத்தியமாக எனக்குத் தெரியாது. அதன்பின் ஆய்வு என்று யாரும் வந்ததில்லை.

அவ்வளவு கொடுத்ததற்கு ஒரு நர்சையே வைத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“நர்சு வெச்சா அந்த ஆபீசரம்மா திருப்தியாப் போயிருவாங்க. அடுத்து வர்றவங்க வேறொண்ணு கேப்பாங்க. அங்க குடுத்துட்டா ஒருத்தருமே வரமாட்டாங்க சாமி.”

அதில் எங்கே தப்பு என்று எனக்கு அப்போதும் சொல்லத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. தப்பு இருக்கிறது என்று மட்டும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது பெரியப்பாவே பக்கவாதம் வந்து, கதவோரக் கட்டிலில் கிடக்கிறார். இல்லத்தை அவர் மகன், என் அண்ணன், நடத்துகிறார். இரவுக்கு ஆள் வைக்கச் சொன்னால் அப்பா வைத்த வழக்கம் என்கிறார். கட்சிக்கு நிதியும் தவறாமல் போகிறது. பெரியப்பாவுக்காக நானே இரவு தங்குகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டார்.

தினமும் நான் கிளம்பும் நேரத்தில் பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

“அந்த ஆபீசரம்மா வந்தாங்களா சாமி?”

“வரலீங்க பெரியப்பா.”

உரிமம் வருவதற்கு முன்பெல்லாம் இந்தப் பதிலைக் கேட்டால் நிம்மதியாக டீ கொண்டுவரச் சொல்லுவார். இப்போது பழைய பயத்தில்தான் கேட்கிறாரா, அந்த அம்மா வரவேண்டும் என்று காத்திருக்கிறாரா, எனக்குப் புரியவில்லை. நேற்று கொஞ்சம் மாற்றி, நாளைக்கு வருவாங்க என்று சொல்லிப் பார்த்தேன். கையை விடவேயில்லை. ஆறு மணி ஆகி, கதவைச் சாத்த ஆள் வந்து நின்றான். நான்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.