குழியை ஒட்டிய சுவர்

அப்துல் ஹலீம் கத்தாருக்குக் கிளம்பிய வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. ஏர்போர்ட்டுக்குப் போகும் காரை நிறுத்தி வைத்துவிட்டு, புதுச் சட்டையோடு வாசல் குழிக்குள் இறங்கி, கடைசிக் குடம் நிறையும்வரை நின்றார். ஏறி வந்து மனைவி ஹஃபீஸாவிடம் சொன்னது இதுதான்: "இன்னும் ஒரு முழம் தோண்டிரு. அப்புறம் கவலையில்ல."

தெற்குவாசல் பக்கம் அந்தச் சந்தில் குழாய்த் தண்ணீருக்கு மேலே ஏறத் தெம்பில்லை. குழாயைத் தாழ்த்தினால்தான் வரும். அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் குழி. ஆழமான குழிக்குத் தண்ணீர்; மற்றதற்குக் காற்று. ஒருவர் தோண்டினால் அடுத்தவரும் தோண்டியாக வேண்டும். பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எதிர்வீட்டு மாடியில் குடிவந்த நான், பாலைவன ஊர்களில்கூடத் தண்ணீருக்கு இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு தூங்குகிறவர்களைப் பார்த்ததில்லை.

ஹஃபீஸா ஜாக்கெட் தைப்பாள். கடப்பாரை பிடிக்கவும் கற்றுக்கொண்டாள்.

"என்னக்கா, பாதாளத்துல இருந்து ஏறி வாரீக? எமன் சௌக்கியமா?" என்பாள் பக்கத்து வீட்டு முத்துச்செல்வி.

"நீ தோண்டுன வழியாத்தான் போனேன். ஒன்னையத்தான் விசாரிச்சாரு."

இருவரும் சிரிப்பார்கள். மறுநாள் முத்துச்செல்வியின் குழி இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஹஃபீஸாவின் வீடு மண்சாந்தில் கட்டிய பழைய வீடு. இரண்டே அறைகள். உள்ளறை முழுக்கத் தண்ணீர் டிரம்கள். முன்னறையில், வாசல் சுவரை ஒட்டி, அவள் மாமியார் ஜெயினம்புவின் கட்டில். இடுப்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழி.

"ஏம்மா, சொவத்துக்குள்ள யாரோ மண்ணு திங்கிறாக" என்றார் ஒருநாள்.

"எலியா இருக்கும் மாமி."

"எலி இம்புட்டு நேரமாவா திங்கும்? அதுக்கு வேற சோலி இல்லையா?"

சுவரில் ஈரமாய்க் கோடுபோல ஒரு விரிசல் விட்டது. ஹஃபீஸா சிமெண்டைக் குழைத்து அடைத்தாள். அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடு கிளம்பியது. போர்வையில் உதிரும் பூச்சை ஜெயினம்பு தட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

"கட்டில உள்ள மாத்திருங்கக்கா" என்றேன்.

"டிரம்ம எங்க தங்கச்சி வைக்க? வாசல்ல வச்சா விடியுறப்ப மூடிகூட இருக்காது."

கோடையில் குழாய் அடியோடு வறண்டது. டிரம்கள் ஒவ்வொன்றாய்க் காலியாக, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். உள்ளறையில் இடம் பிறந்தது. கட்டிலை அங்கே போட்டோம். குடிக்க லாரித் தண்ணீர், குளியல் கிடையாது. ஜெயினம்பு மட்டும் நன்றாகத் தூங்கினார்.

"கபுருக்குழி மாதிரி அமைதியா இருக்குத்தா."

"வேற பேச்சே கெடைக்கலையா மாமி ஒங்களுக்கு?"

ஒரு மத்தியானம் குழாய் உறுமியது. தெருவே கூச்சலிட்டது. நிரப்புவதென்றால் டிரம்களை இறக்கித் தரையில் வைக்க வேண்டும். ஹஃபீஸாவும் முத்துச்செல்வியும் கட்டிலை ஆளோடு தூக்கிப் பழைய இடத்தில், சுவரோரமாக வைத்தார்கள்.

"ஒரு பொழுதுதான் மாமி. டிரம்மு நெறையட்டும், வேற வழி பாக்குறேன்."

"நெறைஞ்ச டிரம்ம யாரும்மா நகட்டுவா?" என்றார் ஜெயினம்பு.

ஹஃபீஸா குடத்தை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். ஓடி ஓடிச் சுமந்தாள். குழியில் வழிந்த தண்ணீர் சுவரின் அடியில் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசி டிரம்மில் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது சுவர் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டை அவிழ்ந்து கொட்டியது போலத்தான்.

எல்லோரும் கைகளாலேயே மண்ணை அள்ளினோம். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தெருக்கோடியிலிருந்து குடத்தோடு ஓடிவந்த ஒரு பெண், பார்த்துவிட்டு, குடத்தைக் கீழே வைக்காமலே நின்றாள்.

ஜெயினம்புவின் மையத்தை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்ட உள்ளறை டிரம்களிலிருந்துதான் தண்ணீர் எடுத்தார்கள்.

அதன்பின் நானும் அந்த மாடியைக் காலி செய்துவிட்டேன். ஓராண்டுக்கு மேல் கழித்து, சென்ற வாரம், வாட்ஸ்அப்பில் ஹஃபீஸாவின் குரல் வந்தது.

"தங்கச்சி, திருப்பரங்குன்றம் பக்கம் வாடகைக்கு வந்துட்டேன். சொவரெல்லாம் கெட்டி, தட்டிப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தேன். தண்ணிதான் கொஞ்ச நாளா வெறும் காத்தா வருது. வாசல்ல ஒரு முழம் தோண்டிக்கிருங்கன்னு வீட்டு ஓனரு கடப்பாரையும் குடுத்துவிட்டாரு. நேத்துலருந்து அது கதவுக்குப் பின்னாடி சாஞ்சு நிக்கிது. பக்கத்து வீட்டுல இன்னைக்குத் தோண்டிட்டாக. சோறாக்கக்கூடத் தண்ணியில்ல. நா என்ன செய்யட்டும், சொல்லு."